நாலு விநாடித் திறப்பு

கோப்பைத் தொலைத்தால் மெமோ கொடுப்பார்கள். கேட்ட நேரத்தில் எடுத்துத் தராவிட்டால் கொடுப்பார்கள். ஒரு கோப்பைத் திறந்ததற்காக மெமோ கொடுப்பார்கள் என்று தன் முப்பத்தோரு வருட சர்வீஸில் தவமணி கேள்விப்பட்டதே இல்லை. அவளுக்குக் கொடுத்தார்கள்.

நல்லாற்றூர் அரசு தலைமை மருத்துவமனையின் ரத்த வங்கியில் தவமணி பதிவெழுத்தர். மெமோவில் கையெழுத்துப் போட்டிருந்தவர் தகவல் மேலாளர் நிர்மல்ராஜ். வயது முப்பத்து நான்கு. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். அதுவே தவமணிக்கு அவரிடம் பிடிக்காத முதல் விஷயம். கத்துகிற அதிகாரியிடம் திருப்பிக் கத்தலாம். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறவரிடம் என்ன செய்வது?

"நாப்பத்தொன்பது நாளா தினம் காலையில ஒரே கோப்பைத் திறந்திருக்கீங்க மேடம். ஒவ்வொரு தடவையும் நாலு செகண்ட். ஒரு எழுத்து மாத்தலை, ஒரு கட்டம் தொடலை, மூடிட்டீங்க" என்றார் நிர்மல்ராஜ்.

"ஆமா சார்."

"நாலு செகண்ட்ல என்ன படிச்சீங்க?"

"இருபத்துமூணு பேர்தான் சார் அதுல. படிக்க அவ்வளவு போதும்."

நிர்மல்ராஜ் சிரித்தார். "நீங்க அதைப் படிக்கறதுக்காகத் திறக்கலை. அது தூங்கிடக் கூடாதுன்னு திறந்தீங்க. முந்தி அதைக் கண்டுபிடிச்சிடுச்சு. இதுக்குப் பேரு பொய்ப் பயன்பாடு. இனிமே நீங்க சும்மா திறந்து மூடறதை அது கணக்குல எடுக்காது."

முந்தி என்பது ஆளல்ல, மருத்துவமனைக் கணினிகள் அத்தனையிலும் உட்கார்ந்திருக்கும் மென்பொருள். அது வருவதற்கு முன் இருந்த அலங்கோலத்தைத் தவமணியும் மறுக்க மாட்டாள். ஆளுக்கொரு எக்செல் கோப்பு, கோப்புக்கு ஒன்பது நகல். தங்கள் கோப்பு பட்டியலில் மேலே நிற்க வேண்டும் என்று எல்லாரும் பெயருக்கு முன்னால் சுழியாகப் போட்டுத் தள்ளினார்கள். எக்ஸ்ரே பிரிவு இரண்டு சுழி போட்டால் பல் மருத்துவம் மூன்று போடும். தவமணியே தன் பட்டியலுக்கு '00000_அவசரம்_இதுதான்_கடைசி_புதுசு' என்று பெயர் வைத்திருந்தாள். வேண்டிய ஷீட்டைத் தேடி எடுப்பதற்குள் நோயாளிக்கே சலித்துவிடும்.

முந்தி வந்து அதையெல்லாம் துடைத்துப் போட்டது. கணினி முன் உட்கார்ந்தால் போதும், உனக்கு இப்போது எந்தக் கோப்பு வேண்டும் என்று அதுவே கண்டுபிடித்துத் திரையில் வைத்துவிடும். அடிக்கடி திறக்கும் கோப்பு முன்னால் வரும், திறக்காதது பின்னால் போகும். முதல் மாதம் எல்லாரும் முந்தியைக் கொண்டாடினார்கள், தவமணியும்தான். அடுத்த வருடம் மின்சாரச் சிக்கனம் என்று ஓர் ஆணை வந்தது. தொண்ணூறு நாள் யாரும் திறக்காத கோப்பு உறங்கப் போய்விடும், வேறு ஏதோ ஊரில் ஒரு குளிர்க்கிடங்குக்கு. எழுப்பலாம், ஆனால் ஒன்பது மணி நேரம் ஆகும்.

தவமணியின் இருபத்துமூன்று பேரும் பாம்பே வகை ரத்தக்காரர்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் ரத்தம். அந்தப் பட்டியல் வருடக்கணக்கில் வேண்டியிருக்காது. வேண்டியிருக்கும் நாளில் நிமிடக்கணக்கில் வேண்டியிருக்கும். அடிக்கடி வேண்டியது வேறு, அவசரமாக வேண்டியது வேறு. இதை ஒரு குழந்தைக்குச் சொன்னால் புரியும். முந்திக்குப் புரியவில்லை, நிர்மல்ராஜுக்குப் புரிந்துகொள்ளத் தேவையிருக்கவில்லை.

"பேப்பர்ல அச்சடிச்சு வெச்சுக்கலாமா சார்?"

"ரத்ததானம் பண்றவங்க விவரம் மேடம். அச்சடிக்கக் கூடாது, போன்ல படம் எடுக்கக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது. வேலையே போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. இந்த நேரத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒன்று வந்தால் பென்ஷன் கோப்பும் குளிர்க்கிடங்குக்குப் போய்விடும். தவமணி 'இனி இவ்வாறு நிகழாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்படி எழுதிக் கொடுத்த தன் கையின் மீதே அவளுக்கு இரண்டு நாள் வெறுப்பாக இருந்தது.

தொண்ணூறு நாள் கழித்துக் கோப்பு உறங்கப் போனது. அது போய் ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து டாக்டர் இந்திராணி போன் செய்தார்.

"தவமணி, ரோஸ்லின்னு ஒரு பொண்ணு. சிசேரியன் முடிஞ்சு குழந்தை நல்லாருக்கு. ரத்தம் நிக்கலை. கார்டுல ஓ பாசிட்டிவ்னு இருக்கு, ஆனா நீங்க அனுப்பின ஓ பை ஒண்ணுகூட ஒத்துப்போகலைன்னு உங்க டாக்டரே சொல்றார். பாம்பே வகையாம். ஸ்டாக் இருக்கா?"

"ஸ்டாக் கிடையாது டாக்டர். ஆளைக் கூப்பிடணும்."

"ரெண்டு பை வேணும். ரெண்டு மணி நேரம் நான் தாக்குப் பிடிப்பேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

தவமணி திரைக்குத் திரும்பினாள். முந்தி அவளுக்கு வேண்டியிருக்கும் என்று அன்புடன் எடுத்து வைத்திருந்தவை வருகைப் பதிவு, நேற்றைய இருப்பு, ரத்ததான முகாமில் கொடுத்த பிஸ்கட் பாக்கெட் பட்டியல். அவள் பாம்பே பட்டியலின் பெயரைத் தட்டினாள். 'இக்கோப்பு உறக்கத்தில் உள்ளது. தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. கிடைக்கும் நேரம் இரவு 11.20' என்று திரை சொன்னது. பக்கத்தில் ஒரு சிரிக்கும் நிலாப் படம் வேறு போட்டிருந்தார்கள். அந்த நிலாவைப் பார்த்ததும் கணினியை அப்படியே தூக்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

கணினிப் பிரிவு யூசுப்பைக் கூப்பிட்டாள். "தம்பி, ஒரு உசிரு. கோப்பை எழுப்பு."

"கோரிக்கையை முன்னால தள்ளிப் பார்த்தேன்க்கா. அங்க ஆளே கிடையாது, மிஷின்தான் எடுத்துக் கொடுக்கும். பதினொண்ணு இருபதுக்கு முன்னால வராது." யூசுப் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்காக்கா?"

வாசலில் ரோஸ்லினின் கணவன் ஆல்பர்ட் வந்து நின்றான். பெயின்டர். விரல் நகங்களில் நீலம் ஒட்டியிருந்தது. சட்டைக்கையை ஏற்கெனவே சுருட்டிவிட்டிருந்தான்.

"மேடம், நான் ஓ பாசிட்டிவ்தான். எங்கண்ணனும் ஓ. வெளியில எட்டுப் பேரு நிக்கறாங்க. எடுத்துக்குங்க."

"உங்க ரத்தம் அவங்களுக்குச் சேராது தம்பி. சாதாரண டெஸ்ட்ல ஓ மாதிரிதான் தெரியும், ஆனா ஓ இல்ல. ஓ ஏத்தினாலே அந்த உடம்பு எதிர்க்கும். அதே வகைதான் வேணும். அவங்ககூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒத்தப் பொண்ணு மேடம்." சுருட்டிய சட்டைக்கையை அவன் இறக்கிவிடவில்லை. "அந்த வகைக்காரங்க யாருன்னு உங்ககிட்ட லிஸ்ட் இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்களே."

லிஸ்ட் தூங்குகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? "உக்காருங்க" என்றாள். ஒரு காகிதத்தை எடுத்தாள். கண்ணை மூடினாள்.

மெமோ வருவதற்கு முன்னும் அவள் அந்தப் பட்டியலோடு பதினோரு வருடம் பழகியவள். ஒவ்வொரு ஜனவரியிலும் இருபத்துமூன்று பேருக்கும் போன் போட்டு, ஊரில் இருக்கிறீர்களா, உடம்பு எப்படி என்று கேட்டுக் குறித்து வைப்பாள். நாலு விநாடித் திறப்பில் கண் மேலிருந்து கீழே ஓடிய வரிசை மனத்தில் அப்படியே இருந்தது. முதல் வரி கபூர், துபாய்க்குப் போய்விட்டார். இரண்டாவது வரி ஒரு பள்ளிக்கூட மாணவி, வயது போதாது. நான்காவது சுகுணா, டெய்லர், திருத்துறைப்பூண்டி. எண்ணை அழுத்தினாள்.

"மாசமா இருக்கேன் மேடம், அஞ்சாம் மாசம்" என்றாள் சுகுணா. "எனக்கு மட்டும் வயித்துல புள்ள இல்லேன்னா ஓடி வந்திருப்பேன். யாரு மேடம் அது?"

ஏழாவது வரிக்காரர் எடுக்கவில்லை. ஒன்பதாவது எண்ணில் வேறு யாரோ எடுத்து, "மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கறியே, யாரும்மா நீ?" என்று எரிந்து விழுந்தார். கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தாறா அறுபத்து நாலா? மாற்றிப் போட்டாள். மீனலோசனி எடுத்தாள். பாலிடெக்னிக்கில் ஆசிரியை, முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம்.

"கிளாஸ்ல இருக்கேன். பசங்களை அனுப்பிட்டு ஆட்டோ பிடிக்கறேன். சாப்பிட்டாச்சு, காய்ச்சல் ஒண்ணும் இல்ல. நீங்க வாசல்ல நில்லுங்க."

ஒன்று ஆயிற்று. பதினோராவது வரி பார்த்திபன், பஸ் கண்டக்டர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது தடவை எடுத்தபோது பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. ஆளைக் கேட்கவிடாமல் தவமணி விஷயத்தைக் கொட்டினாள்.

"இப்ப டியூட்டியில இருக்கேன் மேடம். வண்டி நிறைய ஆளு. கீழப்பாலம் தாண்டிட்டோம். லைன்லயே இருங்க." பார்த்திபன் டிரைவரிடம் ஏதோ கத்தினான். யாரோ முனகினார்கள், ஒரு பெண் குரல் "திருப்புய்யா, ஒரு எட்டு போயிட்டு வரலாம்" என்றது.

நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு டவுன் பஸ் ஆட்களோடு மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. பயணிகள் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பார்த்திபன் பணப்பையை டிரைவர் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தான். ஒரு மணி நேரம் கழித்து மீனலோசனியும் வந்தாள். பரிசோதனைகள் முடிந்து முதல் பை நாலு மணிக்குள் மேலே போயிற்று. டாக்டர் இந்திராணி அதன் பிறகு கூப்பிட்டு, "பிழைச்சுட்டா" என்று ஒரே சொல் சொன்னார். தவமணி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நிம்மதியில் வந்த அழுகையாகத் தொடங்கியது, பாதியில் கோபமாகிவிட்டது. பன்னிரண்டு பெயர்தான் அவளுக்கு நினைவுக்கு வந்திருந்தது. மீதிப் பதினொன்று எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பன்னிரண்டில் கண்டக்டர் இல்லாமல் போயிருந்தால்?

ஒரு வாரம் கழித்து நிர்மல்ராஜ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் பாராட்டுக் கடிதம் தயாராக இருந்தது.

"பிரமாதம் மேடம். நாப்பத்தஞ்சு நிமிஷம். தலைமையிடத்துக்கே ரிப்போர்ட் போயிருக்கு."

"அந்தக் கோப்பை இனிமே தூங்க விடமாட்டீங்கதானே சார்?"

"அதைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன்." நிர்மல்ராஜ் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்க கேட்ட கோப்பை முந்தி சொன்ன நேரத்துக்கு ராத்திரி பதினொண்ணு இருபதுக்குக் கொண்டுவந்து வெச்சுது. யாருமே திறக்கலை. இன்னிக்கு வரைக்கும் திறக்கலை. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"அந்தக் கோப்பு இல்லாமலே வேலை நடக்குது. மாசக் கடைசியில நிரந்தரமா அழிக்கச் சொல்லி முந்தி பரிந்துரை பண்ணியிருக்கு. நானும் ஒப்புதல் கொடுத்துட்டேன்."

தவமணி நாற்காலி நுனிக்கு வந்தாள். "அது என் தலையில இருந்துச்சு சார். அதுவும் பாதிதான் இருந்துச்சு."

"முந்தியும் அதைத்தான் சொல்லுது, பாருங்க." திரையில் 'மாற்று வழி: தவமணி, ரத்த வங்கி. சராசரி நேரம் 45 நிமிடம்' என்றிருந்தது. "கோப்பை எழுப்ப ஒன்பது மணி நேரம். உங்களை எழுப்ப அவ்வளவு ஆகலை. நீங்கதான் வேகமான வழி."

"இன்னும் பதினாலு மாசத்துல நான் ரிட்டயர் ஆறேன்."

"அதையும் கணக்குப் போட்டிருக்கு மேடம். இந்த வகை ரத்தம் நம்ம ஆஸ்பத்திரிக்குச் சராசரியா பத்தொன்பது மாசத்துக்கு ஒரு தடவைதான் தேவைப்பட்டிருக்கு. உங்க சர்வீஸுக்குள்ள அடுத்தது வராது."

"அதுக்கப்புறம் வந்தா?"

"வந்தா அப்பப் புதுத் தேவைன்னு பதிவாகும்."

தவமணி எழுந்துவிட்டாள். குரல் உயர்ந்ததைப் பற்றி அவளுக்கு அக்கறை இருக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். அன்னிக்கு எனக்கு ஒரு பேரும் ஞாபகம் வரலை, அந்தப் பொண்ணு செத்துப் போச்சுன்னு வைங்க. இந்தக் கோப்பு பிழைச்சிருக்குமா?"

நிர்மல்ராஜ் கோபப்படவில்லை. நல்ல மாணவனைப் போல யோசித்தார். "விசாரணைக் கமிட்டி வந்திருக்கும். அவங்க அதைத் திறந்திருப்பாங்க, குறைஞ்சது நூறு தடவை. ஆமா மேடம், பிழைச்சிருக்கும்."

தவமணியின் முகத்தைப் பார்த்து, மனம் நொந்துவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, நிர்மல்ராஜ் ஆறுதலாகத் திரையின் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். மருத்துவமனையில் அதிகம் திறக்கப்படும் கோப்புகளின் பட்டியல். "இப்படி உயிரோட இருக்கற கோப்புக்குத்தானே மேடம் நாம மின்சாரம் செலவு பண்ணணும்?" முதலிடத்தில் கேண்டீன் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் இருந்தது. அறுநூற்று நாற்பது ஊழியர்களும் தினம் பதினொரு மணிக்குள் அதைத் திறந்து, தங்கள் பெயருக்கு எதிரே சாப்பாடா, தயிர்சாதமா என்று குறிக்க வேண்டும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்வார்கள். அதை யாரோ மென்பொருளாகவே எழுதிவிட்டார்கள் என்று தவமணி நினைத்தாள்.

பாராட்டுக் கடிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கணினிப் பிரிவுக்கு நேராக நடந்தாள். யூசுப் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, முந்தி எதைக் கணக்கு எடுக்குது? கோப்பையா, உள்ள இருக்கற ஷீட்டையா?"

யூசுப் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். "கோப்பைத்தான்க்கா. ஒரு கோப்புக்குள்ள எத்தனை ஷீட்டு இருக்கு, எதைப் பார்க்கறாங்க, அதெல்லாம் அதுக்குக் கவலை இல்ல." டம்ளரைக் கீழே வைத்தான். "ஷீட்டை மறைச்சும் வைக்கலாம். கீழ வலது பக்கம் தட்டினா 'மறை'ன்னு வரும். நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை."

ரத்த வங்கியில் மற்றவர்கள் முகாமுக்குப் போயிருந்தார்கள். தவமணி கேண்டீன் பட்டியலைத் திறந்தாள். முருங்கைக்காய் சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம். கீழே கூட்டல் குறியைத் தட்டிப் புதுத் தாள் ஒன்றைச் சேர்த்தாள். பக்கத்துத் திரையில், இன்னும் ஒன்பது நாளில் சாகப்போகும் தன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தட்டச்சு செய்தாள். நகலெடுத்தால் பதிவாகும், தட்டச்சு செய்தால் ஆகாது. பிடிபட்டால் மெமோ இல்லை, வேலை. அது தெரிந்தேதான் செய்தாள். போன் எண் இருந்த பத்தியை மட்டும் ரத்த வங்கி டாக்டர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த கடவுச்சொல்லால் பூட்டினாள். இருபத்துமூன்றாவது வரி முடிந்ததும் தாளை மறைத்தாள். அது காணாமல் போயிற்று. சாம்பாரும் பொரியலும் மட்டும் நின்றன.

வேண்டும்போது திரும்ப வருமா என்று பார்க்க வேண்டாமா? வலது பக்கம் தட்டி 'மறைத்ததைக் காட்டு' என்பதை அழுத்தினாள். மறைத்து வைத்த தாள்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று விரிந்தது. ஒரு பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். பன்னிரண்டு இருந்தன.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். 'பாம்புக்கடி மருந்து எந்த ஃபிரிட்ஜ்.' 'ஜெனரேட்டர் கைச்சாவி யாரிடம்.' 'குறைமாதக் குழந்தை சின்ன மாஸ்க்.' 'சைகை பேசத் தெரிந்த ஊழியர்கள்.' 'தீப்புண் வார்டு பழைய பம்ப்.' பெயர்கள் கீழே இறங்கிக்கொண்டே போயின. பாம்புக்கடித் தாளைத் திறந்தாள். எட்டு மாதத்துக்கு முன் தொடங்கியது, முந்தாநாள் வரை திருத்தியிருந்தார்கள். யார் எழுதியது என்று இல்லை. தலைப்பில் ஒரு வரி மட்டும் இருந்தது. 'கேண்டீன்காரர்களே, தெரியாமல் அழித்துவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.'

தவமணிக்கு இந்த ஒரு வாரத்தில் வராத கோபம் வந்தது. நிர்மல்ராஜ் மீது இல்லை. பதினொரு பேர், அவளோடு பன்னிரண்டு. ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மெமோ வந்திருக்கும். ஒவ்வொருவரும் 'இனி நிகழாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உயிர்காக்கிற விஷயத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி அப்பளத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறார்கள். பாம்பு கடித்தவன் வரும் நாளில் அந்த ஆள் விடுப்பில் இருந்தால் யார் வந்து இங்கே தேடுவார்கள்? அவளும் அதையேதான் இப்போது செய்தாள். கும்பிட்டுக் கேட்கிறார்களாம். யாரை எதற்குக் கும்பிட வேண்டும்?

தவமணி ஒவ்வொரு பெயராகத் தட்டினாள். காட்டு. காட்டு. காட்டு. பன்னிரண்டு தாள்களும் திரையின் அடியில் வரிசையாக வந்து நின்றன. தன் தாளின் மேல்வரியில் எழுதினாள். 'இவற்றைத் திறந்து வைத்தது தவமணி, ரத்த வங்கி. விளக்கம் கேட்பவர்கள் நேரில் வரவும்.'

மணி பத்தே முக்கால். சாப்பாட்டுக்குக் குறிக்க மருத்துவமனை முழுவதும் வரும் நேரம். கோப்பைப் பார்ப்பவர்கள் எத்தனை என்று ஓரத்தில் காட்டும் எண் ஒன்றிலிருந்து நாற்பதானது, நூற்றுப்பத்தானது. யாரும் மூடவில்லை. தவமணி கையை மடியில் வைத்துக்கொண்டு போன் மணிக்காகக் காத்திருந்தாள்.

பாம்புக்கடித் தாளில் ஒரு கட்டம் பச்சையாயிற்று. யாராவது திருத்தத் தொடங்கினால் அப்படி ஆகும். எங்கோ ஒரு மேஜையிலிருந்து யாரோ கும்பிட்டுக் கேட்ட வரியை எழுத்தெழுத்தாக அழித்தார்கள். அந்த இடத்தில் வேறு எழுத்துகள் நின்று நின்று வந்தன. 'ஜெபராஜ், மருந்துக் கிடங்கு.' லிஃப்டில் தினமும் முழங்கால் வலியைப் பற்றி மட்டும் பேசுகிற மனிதர். கட்டம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு தொடர்ந்தது.

'நேரில் வரவும்.'

ஜெனரேட்டர் தாளில் இன்னொரு கட்டம் பச்சையாயிற்று.